கம்பம் பள்ளத்தாக்கில் மைனஸ் நாற்பது டிகிரி

வைகாசி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காமயகவுண்டன்பட்டியில் என் அண்ணன் வீட்டு முன்னால் நின்ற கார், தனக்குள் நுழையும் காற்றின் வெப்பநிலை மைனஸ் நாற்பது டிகிரி என்று தெரிவித்தது. நான் பத்திரிகையில் வேலை பார்ப்பவன். ஒரு தகவல் வந்தால், அதைத் தருபவர் யார், அதில் அவருக்கு என்ன லாபம் என்று முதலில் பார்ப்பது பழக்கம். காருக்கு இதில் லாபம் இருப்பதாகத் தெரியவில்லை.

தகவலை என்னிடம் சொன்னது தீப்பெட்டி அளவுள்ள ஒரு ஸ்கேனர். இப்போது வருகிற கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில், ஒரு சாக்கெட் இருக்கிறது. ஸ்கேனரை அதில் செருகிச் சாவியைத் திருப்பினால், காரின் கம்ப்யூட்டர் தன் மனக்குறைகளைச் செல்போனுக்கு அனுப்பும். ஒவ்வொரு குறைக்கும் ஓர் ஆங்கில எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்ட ஒரு ‘கோடு’, அதாவது சங்கேத எண். என் சொந்தக் காருக்காக வாங்கியது. வாங்கிய பிறகு என் கார் ஒரு கோளாறும் செய்யவில்லை. அதனால் மற்றவர்களின் கார்களைப் பார்க்க ஆரம்பித்தேன்.

நான் தேனியில் குடியிருக்கிறேன். ஞாயிறுதோறும் அண்ணன் வீட்டுக்குப் போவேன். ஸ்கேனர் விஷயம் ஊருக்குத் தெரிந்ததும் வாசலில் வண்டிகள் வந்து நிற்கத் தொடங்கின. கோடு பார்ப்பதைச் சிலர் ஜாதகம் பார்ப்பதுபோலவே எடுத்துக்கொண்டார்கள். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு தினமும் கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறும் ஜீப் டிரைவர் ஒருவர், கோடு எதுவும் இல்லை என்று நான் சொன்னதை ஏற்றுக்கொள்ளவில்லை.

"ஒண்ணுமே இல்லையா? நல்லாப் பாருங்க சார். மேட்டுல ஏறயில இருமுது."

"கம்ப்யூட்டர்ல எதுவும் பதியலண்ணே."

"அப்ப ஒங்க மிசினு சரியில்ல" என்று கிளம்பிவிட்டார். ஜீப் இருமிக்கொண்டேதான் போனது.

கோடு இருந்தாலும் சிக்கல் தீர்ந்துவிடாது. போலீஸ் ஸ்டேஷனுக்கு வரும் புகார் மனுவில் ஒரு பெயர் எழுதியிருக்கும். அந்த ஆள்தான் செய்தார் என்று அதற்கு அர்த்தமில்லை. கோடும் அப்படித்தான். ஒரு சென்சாரின் பெயரைச் சொல்லும். கெட்டுப்போனது அந்த சென்சாரா, அதற்குப் போகும் வயரா, அல்லது அது உண்மையைத்தான் சொல்கிறதா என்பதை நாம்தான் விசாரிக்க வேண்டும். விசாரிக்காமல் கைது செய்வதுபோல, விசாரிக்காமல் சென்சாரை மாற்றுகிற ஒர்க்‌ஷாப்புகளும் உண்டு.

அண்ணன் வீட்டு வாசலில் நின்ற கார் மதினியுடையது. அண்ணன் மனைவி. மதினி அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர். அந்தக் கோடை விடுமுறையில் அவருக்கு உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியராகப் பதவி உயர்வு வந்தது. கலந்தாய்வில் அவர் முறை வரும்போது பக்கத்து ஊர்கள் எல்லாம் போய்விட்டன. கிடைத்தது மயிலாடும்பாறையைத் தாண்டி ஒரு கிராமம். எங்கள் பள்ளத்தாக்கை முழுதாகக் கடந்து, தேனிக்கு வந்து, அங்கிருந்து கண்டமனூர் வழியாக மறுபடி தெற்கே இறங்க வேண்டும். பஸ்ஸில் மாறி மாறிப் போனால் பள்ளியில் மணி அடித்தபிறகுதான் போய்ச் சேரலாம். அங்கேயே வீடு எடுக்க முடியாது. இங்கே மாமியார், அதாவது எங்கள் அம்மா, படுக்கையில் இருக்கிறார். காரில் போனால் நேரத்துக்குப் போகலாம். சாயங்காலம் திரும்பியும் விடலாம்.

பள்ளி திறக்கும் நாளில் சேர வேண்டும். இல்லையென்றால் பதவி உயர்வு வேண்டாமென்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் மறுபடி பட்டியலில் பெயர் வருவதற்குள் அவர் ஓய்வுபெற்றுவிடுவார்.

ஆணை வந்த வாரம்தான் காரில் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. என்ஜின் படம் போட்ட சின்ன விளக்கு. அண்ணன் அதைத் தன் பக்கத்துச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்.

"கெடையில நிக்கிற வண்டிக்கே லைட்டு எரியுது. நீ இதெ வச்சிக்கிட்டு அம்புட்டுத் தொலவு போவியா?"

"லைட்ட அணச்சிட்டுப் போறேன்."

"அணச்சுக் காமி. ஒரு வாரம் லைட்டு எரியாம ஓடட்டும். அப்பறம் போயிச் சேரு, நான் ஒண்ணும் சொல்லல."

இப்படியாக, ஒரு தலைமையாசிரியர் பதவி ஒரு மஞ்சள் விளக்கைப் பொறுத்ததாக ஆனது. கல்வித்துறைக்கு இது தெரியாது.

அண்ணன் திராட்சை விவசாயி. பன்னீர் திராட்சை. வீட்டுக்குப் பின்னால் கல்தூண் ஊன்றிய பந்தல். எதையும் சுத்தமாக வைத்திருப்பதில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பசுவைக் குளிப்பாட்டுவார், டிராக்டரைக் குளிப்பாட்டுவார், ஞாயிற்றுக்கிழமை காலையில் மதினியின் காரையும் குளிப்பாட்டுவார். வெளியே மட்டும் கழுவினால் அவருக்குத் திருப்தி வராது. பானெட்டைத் தூக்கி என்ஜினையும் கழுவுவார். பந்தலுக்கு மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரைக் கிளப்பி, டிரம்மில் தண்ணீர் பிடித்து, ஸ்பிரே கன்னால் மூலைமுடுக்கெல்லாம் பீய்ச்சுவார். ஊரில் முக்கால்வாசிப் பேர் வண்டி கழுவுவது இப்படித்தான். மருந்தடிக்கும் மோட்டார் வீட்டில் சும்மா கிடக்கும்போது தனியாக வேறு எதற்கு? என்ஜினே பளபளவென்று இருக்கும் வண்டி மதினியுடையது என்று ஊருக்குள் பேர்.

முதல் முறை விளக்கு எரிந்தபோது கோடு P0135 என்று வந்தது. புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைச் சூடாக்கும் சுற்றில் கோளாறு. மதினி காரைத் தேனிக்கு எடுத்து வந்து ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டார். அங்கே வேலை பார்த்தவர் மலைக்கு மேலே, கேரளத்துக் கட்டப்பனையில் தொழில் பழகியவர். எதைக் கேட்டாலும் "கொழப்பமில்ல டீச்சர்" என்பார். ஒன்றும் பிரச்சினை இல்லை என்பதற்கு மலை மேலே அப்படித்தான் சொல்வார்கள். சென்சாரை மாற்றினார். விளக்கு அணைந்தது. கார் தேனிப் புழுதியோடு ஊருக்குத் திரும்பியது. அண்ணன் புழுதியைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை கழுவினார். செவ்வாய்க்கிழமை விளக்கு எரிந்தது.

அடுத்த கோடு வேறு. P0113. அதுதான் மைனஸ் நாற்பது டிகிரி. என்ஜினுக்குள் போகும் காற்றின் சூட்டை அளக்கும் சென்சாரிலிருந்து சேதி வராமல் போனால், கம்ப்யூட்டர் தனக்குத் தெரிந்த கடைசி எண்ணைப் போட்டுவிடும். குளிரில் அதற்குத் தெரிந்த கடைசி எண் அதுதான். இதை மதினியிடம் சொன்னேன்.

"பதில் தெரியாத பிள்ளைக வாயில வந்தத எழுதுற மாதிரி" என்றார்.

"ஏறக்குறைய."

"நான் பாதி மார்க்காவது போடுவேன். எண் தப்பு, மைனஸ் போட்ட தைரியம் நல்லாருக்கு."

மறுபடி தேனி. "கொழப்பமில்ல டீச்சர்." அந்த சென்சாரும் மாறியது. விளக்கு அணைந்தது. மறுபடி ஊர், புழுதி, ஞாயிறு. இந்த முறை நான்கு நாள் தாங்கியது, பிறகு மறுபடி அதே P0113. கோட்டை ஸ்கேனரிலேயே அழித்து விளக்கை அணைத்தேன்.

அண்ணனுக்கு இதில் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஆனால் சாப்பிட உட்காரும்போது குரலில் ஒரு தெளிவு இருந்தது.

"ஏலே, நீயே சொல்லு. நாளக்கி அந்தக் காட்டு ரோட்டுல நின்னு போச்சுன்னா யாரு வருவா?"

"காடு இல்லண்ணே. ஊரு இருக்கு, பஸ் போகுது."

"பஸ்ஸு போகுதுல்ல? அப்ப காரு எதுக்கு?"

"பஸ்ஸுல போனாப் பிரேயர் முடிஞ்சிரும்" என்று மதினி சோற்றுக்கு ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னார். "தலைமையாசிரியரே தாமதமா வந்தா மத்தவுக எப்ப வருவாக?"

"அதான் சொல்றேன். இங்கன இருக்கிற பள்ளிக்கொடத்துக்கு என்ன கொறச்சல்?"

மதினி ரசத்தை அண்ணனுக்கு ஊற்றாமல் நகர்த்தி வைத்தார். அண்ணன் தானே எடுத்து ஊற்றிக்கொண்டார்.

பள்ளி திறக்க இரண்டு வாரம் இருந்தபோது ஒரு சனிக்கிழமை, வண்டியைப் போகவேண்டிய வழியிலேயே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுவது என்று மதினி முடிவு செய்தார். ஸ்கேனரோடு என்னையும் கூப்பிட்டார். நான் முந்தின நாளே ஊருக்குப் போயிருந்தேன். அண்ணன் வரவில்லை. கோடைமழை இரண்டு நாள் பெய்திருந்ததால், இலையில் செவட்டை நோய் விழுந்துவிடும் என்று பந்தலுக்கு மருந்தடிக்கும் வேலை இருந்தது. ஆனால் விடிந்ததும் எழுந்து, தொலைவு போகிற வண்டி என்று, என்ஜினை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகக் கழுவிவைத்திருந்தார். கண்ணாடியில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை.

தேனி வரைக்கும் கார் நன்றாக வந்தது. மதினி ஓட்டினார். நான் பக்கத்தில் செல்போனைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கண்டமனூர் விலக்கில் திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும் என்ஜின் உதற ஆரம்பித்தது. விளக்கு எரியவில்லை, மினுக்கியது. எரிந்தால், சமயம் கிடைக்கும்போது பார் என்று அர்த்தம். மினுக்கினால், இப்போதே நிறுத்து என்று அர்த்தம். ஒரு சிலிண்டரில் தீப்பொறி பிடிக்காமல், எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய்க்கொண்டிருக்கிறது.

மதினி ஓரத்தில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். செல்போனில் இரண்டு கோடுகள் இருந்தன. P0302, அதாவது இரண்டாவது சிலிண்டர் எரியவில்லை. கூடவே பழைய P0113. சென்சார் புதுசு. வெளியே அனல். உள்ளே மைனஸ் நாற்பது.

பின்னால் வாழைத்தார் கட்டிய மொபெட்டில் வந்த ஒருவர் காலை ஊன்றி நிறுத்தினார்.

"என்ன ஆத்தா, வண்டி படுத்துருச்சா?"

"படுக்கல. நாங்கதான் நிப்பாட்டிருக்கோம்."

"எல்லாரும் அப்பிடித்தேன் சொல்லுவாக. சூடாயிருக்கும். தண்ணி ஊத்துங்க."

"சூடு இல்ல அண்ணாச்சி. மைனஸ் நாப்பது டிகிரின்னு காட்டுது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப வெந்நி ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு மொபெட்டைக் கிளப்பினார்.

பானெட்டைத் தூக்கினோம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை சென்சார் கெட்டுப்போக வாய்ப்பில்லை. அதுவும் மூன்று வேறு வேறு இடங்களில். மூன்றுக்கும் பொதுவாக இருப்பது எது என்று பார்க்க வேண்டும். வயர் வந்து ஒவ்வொரு பாகத்திலும் சேரும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். மெக்கானிக்குகள் அதைக் கப்ளர் என்பார்கள். சூடு ஆறட்டும் என்று சற்று நேரம் நின்றோம். பிறகு இரண்டாவது சிலிண்டருக்குத் தீப்பொறி தரும் காயிலுக்குப் போகும் கப்ளரை நான் அழுத்தி உருவினேன். உள்ளே பளிச்சென்று இருக்க வேண்டிய பின்களில் நீலமும் பச்சையும் கலந்த ஒரு பொடி அப்பியிருந்தது. லேசாக ஈரம் வேறு.

"களிம்பு பிடிச்சிருக்கு மதினி."

மதினி குனிந்து பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார். கைக்குட்டையின் முனையைத் திரித்து உள்ளே விட்டுத் துடைத்து, வெளியே எடுத்து வெயிலில் பிடித்தார்.

"இது களிம்பு இல்ல தம்பி. இது உங்க அண்ணே சட்டை."

எனக்குப் புரியவில்லை.

"மருந்தடிச்சிட்டு வந்தா அவுக சட்டைக் கையில இந்தக் கலர்தான் இருக்கும். எந்தச் சோப்புக்கும் போகாது. இத்தன வருசமாத் தொவைக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

காப்பர் சல்பேட் என்கிற மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த கரைசலைத்தான் செவட்டைக்கு அடிப்பார்கள். பந்தலின் கல்தூண்கள்கூட நாளடைவில் அந்த நீலத்துக்கு மாறிவிடும். துத்தம் இரும்பைத் தின்னும், பித்தளையையும் விடாது. இதையெல்லாம் வகுப்பில் சோதனைக்குழாயில் இரும்பு ஆணியைப் போட்டுக் காட்டியே மதினி பல வருடமாகப் பாடம் நடத்தியிருக்கிறார். ஆனால் அடையாளம் தெரிந்தது சட்டையை வைத்துத்தான்.

காற்று சென்சாரின் கப்ளரையும் உருவினோம். அங்கேயும் அதே நீலம். அதாவது, மருந்தடித்த டிரம்மும் குழாயும் கன்னும் ஒன்று. கார் கழுவிய டிரம்மும் குழாயும் கன்னும் அதே ஒன்று. அடியில் தங்கிய துத்தம், அண்ணன் பிடித்த நல்ல தண்ணீரில் கரைந்து, பந்தலின் உச்சி இலை வரை எட்டும் வேகத்தோடு கப்ளர்களுக்குள் ஏறியிருக்கிறது. கார் எவ்வளவு சுத்தமானதோ அவ்வளவு கெட்டிருக்கிறது.

அந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. தொழில் புத்தி. காரணம் இருக்கிற ஆள், கருவி கையில் இருக்கிற ஆள், வாய்ப்பு உள்ள ஆள், மூன்றும் ஒருவரே. மதினிக்கும் அதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்தார்.

"வேணும்னு செஞ்சிருப்பாகளோ?"

"என்ன நினைக்கிறீங்க?"

அவர் தலைமுடியிலிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்து, ஒவ்வொரு பின்னாகச் சுரண்ட ஆரம்பித்தார்.

"வேணும்னு செய்யிற ஆளுன்னா இம்புட்டு நல்லாக் கழுவியிருக்க மாட்டாக" என்றார்.

கப்ளர்களை மாட்டினோம். காற்றின் வெப்பநிலை நாற்பத்தொன்று என்று செல்போனில் வந்தது. மைனஸ் இல்லாமல். என்ஜின் உதறவில்லை. மதினி காரைத் திருப்பவில்லை. மயிலாடும்பாறையைத் தாண்டி அந்தக் கிராமம் வரை போய், பூட்டியிருந்த பள்ளிக்கூடத்தை கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். கட்டடத்தைவிட அதிகமாகக் கழிவறைப் பக்கம்தான் பார்த்தார். "தண்ணித் தொட்டி இல்ல" என்றார். அப்போதே வேலையில் சேர்ந்துவிட்டவர் மாதிரி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அண்ணன் பந்தலிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். சட்டையின் கை முழுவதும் நீலம். மதினி கைக்குட்டையை விரித்து அந்தச் சட்டைக்கைக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"என்ன இது?"

"ஒங்க சட்டையில இருக்கிறது. வண்டி என்ஜின்லருந்து எடுத்தது."

அண்ணன் இரண்டையும் பார்த்தார். விஷயம் விளங்க நேரம் ஆனது. விளங்கியதும் முதலில் வந்தது தற்காப்பு.

"டிரம்ம அலசிட்டுத்தான தண்ணி பிடிக்கிறேன்!"

"எத்தன தடவ அலசுவீக?"

"ஒரு தடவ."

"குழாய?"

"குழாய எவன் அலசுவான்?"

மதினி ஸ்பிரேயர் குழாயின் முனையைத் தூக்கி, தரையில் கவிழ்த்தார். வெளிர்நீலமாக ஒரு கோடு சிமெண்டில் ஓடியது. மூவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது போய்ச் செம்பருத்திச் செடியின் அடியில் நின்றது.

"அப்ப வண்டி கெட்டது என்னாலயா?"

"கழுவினதால."

"கழுவினது நாந்தான?"

"ஆமா."

அண்ணன் வாசல்படியில் உட்கார்ந்தார். அவர் வாதம் முழுவதும் அந்த விளக்கின் மேல் நின்றது. இப்போது விளக்கே அவர் பக்கம் கையைக் காட்டுகிறது. வேறு ஆளாக இருந்தால் புதிதாக ஒரு காரணம் தேடியிருப்பார். அண்ணன் தேடவில்லை. அல்லது, தேடிக் கிடைக்கவில்லை.

"நான் சாக்குச் சொல்லலத்தா. நீ தனியா அம்புட்டுத் தூரம் போறது எனக்குப் பயமா இருக்கு. அம்புட்டுத்தான்" என்றார்.

"பயத்த நேராச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ போகாம இருந்திருப்பியா?"

"போயிருப்பேன்."

"அதான் சொல்லல."

தேனி ஒர்க்‌ஷாப்பில் கப்ளர்களை எல்லாம் கழற்றிச் சுத்தம் செய்து, அரித்துப்போன பின்களை மாற்றி, வயர் நுனிகளைப் புதிதாக முடித்துக் கொடுத்தார்கள். இதற்கு முன்னால் மாற்றிய சென்சார்கள் பற்றிக் கேட்டதற்கு, அவை எப்படியும் ஒருநாள் மாற்ற வேண்டியவைதான் என்று பதில் வந்தது. அது உண்மைதான். எல்லாமே ஒருநாள் மாற்ற வேண்டியவைதான்.

பிறகு வந்த வாரம் அண்ணனுக்குக் கடினமாக இருந்தது. காரைத் தொடக் கூடாது. வாசலில் அது புழுதியோடு நின்றது. பறவைகளும் தங்கள் பங்குக்கு ஏதோ செய்தன. அண்ணன் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்தார். ஒரு தடவை துண்டை எடுத்துக்கொண்டு போய், பானெட்டின் மேலே கையை ஓங்கி, அப்படியே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவந்தார். தெருவில் போனவர்கள் விசாரித்தார்கள்.

"என்னப்பா, வீட்டுல சண்டையா? டீச்சர் வண்டி இப்பிடிக் கெடக்கு."

"வண்டிக்கு ஒடம்பு சரியில்ல. குளிக்கக் கூடாது" என்றார் அண்ணன்.

விளக்கு எரியவில்லை. நிபந்தனைப்படி அவர் ஒன்றும் சொல்லக் கூடாது. சொல்லவில்லை. ஆனால் பள்ளி திறக்கும் நாள் காலையில், வெள்ளை வேட்டி சட்டையோடு காரின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அம்மாவைப் பார்த்துக்கொள்ள என் மனைவியை முந்தின நாளே அழைத்து வந்திருந்தார்கள். நான் பின்சீட்டில் இருந்தேன். மதினி கண்ணாடியைத் துணியால் தானே துடைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

வழி முழுவதும் அண்ணன் ரோட்டைப் பார்க்கவில்லை. மதினியின் கைக்குப் பின்னால் இருந்த மீட்டர்களை, விளக்கு வர வேண்டிய அந்த மூலையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். சின்னமனூர் வந்தது, வீரபாண்டி வந்தது, தேனி வந்தது. புளியமரத்தடி வந்தபோது கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். மரம் பின்னால் போனது.

"ஏசியப் போட்டாத்தான் லைட்டு வருமோ?" என்று கேட்டார்.

"போட்டுத்தான் வர்றோம்" என்றார் மதினி.

பள்ளிக்கூடத்துக்குப் பிரேயருக்கு முன்பே போய்விட்டோம். கேட்டுக்குள் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, மதினி புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு ஆபீஸ் அறைக்குப் போனார். போகும்போது சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டார். அண்ணன் டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு சாவியை ஒரு சுற்றுத் திருப்பினார்.

"ஏலே! எரியுது பாரு!"

எரிந்தது. கூடவே ஆயில் விளக்கு, பேட்டரி விளக்கு, சீட் பெல்ட் விளக்கு எல்லாம் எரிந்தன.

"சாவியத் திருப்பினா எல்லா லைட்டும் ஒருதரம் எரியும்ணே. பல்பு நல்லாருக்கான்னு அதே பாத்துக்கிரும். ஸ்டார்ட் பண்ணினா அணைஞ்சிரும்."

ஸ்டார்ட் செய்தார். எல்லாம் அணைந்தன. அணைந்ததை நம்பாமல் மீட்டரை விரலால் ஒருமுறை தட்டினார். பிறகு என்ஜினை நிறுத்தினார்.

பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். மதினி கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, படியில் நின்று, மைக் இல்லாமலே பேசினார். நல்ல கணீர்க் குரல். என்ன பேசினார் என்பது எங்கள் இடத்துக்குச் சரியாகக் கேட்கவில்லை. தண்ணீர்த் தொட்டி என்ற வார்த்தை மட்டும் கேட்டது. பிரேயர் முடிந்ததும் காருக்கு வந்து அண்ணனிடம் கையை நீட்டினார். அண்ணன் சாவியைக் கொடுத்தார். மதினி அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எனக்குச் சாயங்காலம் வரைக்கும் வேல இருக்கு. நீங்க ரெண்டு பேரும் பஸ்ஸப் பிடிச்சுக் கெளம்புங்க. தோட்டத்துல இன்னக்கி மருந்தடிக்கணும்னு சொன்னீகள்ல?"

"ஆமா. ஆள் சொல்லிருக்கேன்" என்றார் அண்ணன்.

பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தோம். டீ ஆற்றிக்கொண்டே கடைக்காரர் அண்ணனின் வெள்ளை வேட்டியைப் பார்த்தார்.

"ஐயா யாரு, ஆடிட்டுக்கு வந்த ஆபீசரா?"

எங்கள் ஊரில் அண்ணனை யாரும் யாரென்று கேட்டதில்லை. இன்னார் மகன், இந்தப் பந்தல்காரர் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் டீ கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டு, ஒரு வாய் குடித்தார்.

"இல்லப்பா. புது ஹெச்செம் இருக்காகள்ல, அவுக வீட்டுக்காரன்."

"அப்பிடியா? அம்மா எந்த ஊரு?"

"கம்பம் பக்கம். தெனமும் கார்லயே வந்துட்டுப் போவாக."

"அம்புட்டுத் தூரத்துலருந்தா! தனியாவா ஓட்டுறாக?"

"தனியாத்தான்" என்றார் அண்ணன். "நல்லா ஓட்டுவாக."

பஸ் வந்தது. அதை விட்டால் அடுத்தது மத்தியானம்தான் என்று கடைக்காரர் சொன்னார். எனக்கு ஆபீஸ் போக வேண்டியிருந்தது. எழுந்தேன். அண்ணன் எழுந்திருக்கவில்லை. செல்போனை எடுத்துத் தோட்டத்துக்கு மருந்தடிக்க வருகிற ஆளைக் கூப்பிட்டு, நாளைக்கு வரச் சொன்னார். செவட்டை பரவிவிடும் என்று அந்தப் பக்கம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

"ஒருநாள்ல பரவாது. பரவுனாப் பரவட்டும்" என்றார்.

"அண்ணே, பஸ்ஸு" என்றேன்.

"நீ போப்பா. நான் சாயங்காலம் அவகூடவே வந்துர்றேன்."

நான் மட்டும் ஏறினேன். பஸ் கிளம்பும்போது அவர் இன்னொரு டீ சொல்லிக்கொண்டிருந்தார்.